பூட் ஆகாத லேப்டாப்: உள்ளே நான்கு மாத ஒலிப்பதிவு, எப்படி எடுப்பது?

ஒலிவாசகி | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், புலம்பல் அப்புறம்.

ஆறு வருட லேப்டாப். உள்ளே 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி இல்லை, சுற்றுகிற வகை. விண்டோஸ் 10. நேற்று மதியம் ஒரு கோப்பைச் சேமிக்கும்போது திரை அப்படியே உறைந்தது. பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன். மறுபடி போட்டால் தானாகப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி வட்டம் சுற்றியது. பிறகு டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று 11 சதவீதம் வரை போய், இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றது. மறுபடி அணைத்தேன். இப்போது கறுப்புத் திரையில், பூட் செய்ய எந்தச் சாதனமும் இல்லை என்கிறது. மூன்று முறை போட்டால் ஒரு முறை விண்டோஸ் சின்னம் வரை வருகிறது. அதற்கு மேல் நகரவில்லை.

நான் பார்வையற்ற வாசகர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்கிறவள். முடித்துக் கொடுத்த புத்தகங்களுக்குப் பிரதி வெளியே இருக்கிறது. கையில் இருப்பது 640 பக்க நாவல். 412 பக்கம் வாசித்தாகிவிட்டது. அந்தப் பதிவுகள் மொத்தம் 38 மணி நேரம், எல்லாம் சுருக்காத வேவ் ஒலிக் கோப்புகள், சுமார் 24 ஜிபி. அந்த டிஸ்க்கைத் தவிர வேறெங்கும் இல்லை. பென் டிரைவில் போட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நினைப்பேன். யாரும் திட்ட வேண்டாம், நானே போதுமான அளவு திட்டிக்கொண்டுவிட்டேன்.

இன்னொன்று. இது முக்கியமா என்று தெரியவில்லை. இரண்டு வாரமாகப் பதிவுகளில் மெல்லிய ‘டிக்’ ஒன்று விழுந்துகொண்டிருந்தது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டி எழும் சத்தம் என்று நினைத்தேன், வாசிக்கிறவர்களுக்கு அது வழக்கமான தொல்லை. தண்ணீர் குடித்துக் குடித்து வாசித்தேன். ஒவ்வொரு டிக்காகத் தேடி வெட்டினேன். நேற்று நான் வாயையே திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அதே ‘டிக்’ வந்தது. அப்போதுதான் உறைத்தது, சத்தம் என் வாயிலிருந்து வரவில்லை.

என்ன செய்யலாம்? கணினியை ஓரளவு பயன்படுத்தத் தெரியும், கழற்றி மாட்டத் தெரியாது.

நீலத்திரை | செவ்வாய், இரவு 10.58

ரொம்ப எளிது. இன்னொரு கணினியில் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்று தயார் செய்து, அதிலிருந்து பூட் செய்து, கமாண்ட் பிராம்ப்டில் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சரிபார்ப்புக் கட்டளையைப் போட்டு ஸ்லாஷ் ஆர் கொடுங்கள். ராத்திரி முழுக்க ஓடட்டும். எனக்கு இரண்டு முறை இப்படிச் சரியாகியிருக்கிறது. ஆகவில்லை என்றால் விண்டோஸை மேலேயே மறுபடி நிறுவிப் பாருங்கள்.

திருப்புளி | செவ்வாய், இரவு 11.20

ஒலிவாசகி, இதைப் படித்ததும் லேப்டாப்பை அணையுங்கள். ஸ்லீப்பில் இருந்தால் அதையும் முழுதாக அணையுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

நீலத்திரை சொன்னதைச் செய்ய வேண்டாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, நானும் அதைச் செய்தவன்தான். பல வருடங்களுக்கு முன் ஒரு நண்பரின் டிஸ்க்கில் இதே செக்டிஸ்க்கை ஓடவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து பார்த்தால் ‘ஃபவுண்ட் 000’ என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வரிசையாக எண் போட்ட ஆயிரக்கணக்கான துண்டுகள். எது எதனுடைய துண்டு என்று கடைசிவரை தெரியவில்லை. செக்டிஸ்க் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. அதன் வேலை உங்கள் கோப்பைக் காப்பாற்றுவது இல்லை, கோப்பு அமைப்பின் கணக்கை நேர் செய்வது. பேரேட்டில் ஒரு பக்கம் படிக்க முடியவில்லை என்றால் அந்த வரவே இல்லை என்று அடித்துவிட்டு மொத்தத்தைச் சரிக்கட்டுகிற கணக்குப்பிள்ளை மாதிரி. நல்ல டிஸ்க்கில் அவரால் பயன் உண்டு. சாகக் கிடக்கிற டிஸ்க்கில் அவரை உள்ளே விடக் கூடாது. ஸ்லாஷ் ஆர் போட்டால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும், அதாவது தரவு எழுதப்படும் சின்னஞ்சிறு துண்டையும், படித்துப் பார்க்கும், வழியில் எழுதவும் செய்யும். உங்களுடையது 11 சதவீதத்தில் நின்றதும் நீங்கள் பொறுமை இழந்து அணைத்ததும் நல்லதாகவே போயிற்று.

விண்டோஸை மேலேயே மறுபடி நிறுவுவது அதைவிட மோசம். எழுதுகிற ஒவ்வொரு ஜிபியும் எதன் மேல் போய் உட்காரும் என்று யாரும் சொல்ல முடியாது.

பூட் ஆகாதது ஒன்று, தரவு போவது வேறொன்று. பூட் ஆவதற்கு டிஸ்க்கில் ஒரு சின்னப் பகுதி படிக்கக் கிடைத்தால் போதும், அந்த இடம் கெட்டால் மற்ற 999 ஜிபியும் நன்றாக இருந்தாலும் கறுப்புத் திரைதான். சில சமயம் டிஸ்க்கில் ஒரு கோளாறும் இருக்காது. மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்து, கணினி போட்டதும் முதலில் ஓடும் பயாஸின் அமைப்பு பழைய நிலைக்குப் போயிருக்கும், அதனாலேயே டிஸ்க்கைத் தேட மாட்டேன் என்று நிற்கும். உங்கள் ‘டிக்’ இல்லாவிட்டால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இப்போது எனக்குச் சில பதில்கள் வேண்டும்.

பயாஸுக்குள் போனால் டிஸ்க்கின் மாடல் பெயரும் 1 டெராபைட் என்ற அளவும் சரியாகத் தெரிகிறதா? பெயர் கோணலாகவோ அளவு பூஜ்ஜியமாகவோ காட்டினால் கதை வேறு. அந்த ‘டிக்’ எப்படி இருக்கிறது, கடிகாரம் மாதிரி ஒரே சீராக அடிக்கிறதா, எப்போதாவது ஒன்றா? லேப்டாப் கீழே விழுந்ததா, தண்ணீர் பட்டதா? வேறு ஒரு கணினி கிடைக்குமா? காலியான பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க் இருக்கிறதா?

பயாஸைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்த்ததும் அணைத்துவிடுங்கள்.

ஒலிவாசகி | புதன், காலை 6.15

அணைத்துவிட்டேன் ஐயா. பயாஸில் மாடல் பெயர் ஒழுங்காக வருகிறது, 1000 ஜிபி என்று இருக்கிறது. விழவில்லை, நனையவும் இல்லை.

சத்தத்தைப் பற்றி நான் விவரமாகவே சொல்ல முடியும், என் வேலையே அதுதான். அடியில் எப்போதும் இருக்கும் ‘ம்ம்ம்’ என்ற சீரான ஒலி மாறவில்லை. அதன் மேல் 20 விநாடிக்கு ஒன்று, சில சமயம் ஒரு நிமிடத்துக்கு ஒன்று, மேசையில் நகத்தால் தட்டியது மாதிரி ஒரு ‘டிக்’. தாளம் இல்லை. டிக்குக்கு முன்னால் அரை விநாடி ஏதோ இழுபடுகிற ‘கிர்’ என்ற சத்தமும் உண்டு.

தங்கையின் லேப்டாப் கிடைக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்க் 2 டெராபைட், புதிதாக வாங்கி வந்துவிட்டேன். இதைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் வாங்க நினைத்தேன்.

திருப்புளி | புதன், காலை 7.50

ஐயா வேண்டாம், அண்ணா என்றால் போதும்.

சத்தத்தை இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, பாதி வேலை முடிந்தது. மோட்டார் சீராகச் சுற்றுகிறது. படிக்கும் ஹெட் ஒரு இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்று, பின்வாங்கி, மறுபடி போகிறது. உங்கள் ‘கிர்’ அந்த முயற்சி, ‘டிக்’ அந்தப் பின்வாங்கல். ஒரே சீராக டக் டக் என்று அடித்து, பயாஸிலும் தெரியாமல் போயிருந்தால், தூய அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்துக்குப் போங்கள் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். ஹெட், உள்ளே சுற்றும் தட்டின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு தூசி அதற்கு மலை. அந்த நிலையில் வீட்டில் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கழற்றி, மூடியைத் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணமே வரக் கூடாது. உங்களுடையது இப்போதைக்கு அந்த நிலையில் இல்லை. ஆனால் வேலை நடுவில் டக் டக் தொடங்கினால் அந்த நொடியே நிறுத்துங்கள்.

எதுவும் கழற்ற வேண்டாம். டிஸ்க் உள்ளேயே, தன் சாட்டா இணைப்பிலேயே இருக்கட்டும், அதுதான் நல்லது. யூஎஸ்பி அடாப்டர் வழியாகப் போனால், கெட்ட செக்டார் வரும்போது சில அடாப்டர்கள் தாமே மயங்கி விழுந்துவிடும்.

தங்கையின் கணினியில் சிஸ்டம்ரெஸ்க்யூ என்ற லினக்ஸை இறக்கி, ஒரு பென் டிரைவில் எழுதுங்கள். உங்கள் லேப்டாப்பை அந்தப் பென் டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். இதற்கு நமக்குத் தேவையான கருவிகள் உள்ளேயே வருகின்றன. அதைவிட முக்கியம், கேட்காமல் எந்த டிஸ்க்கையும் மவுண்ட் செய்யாது, அதாவது திறந்து இணைத்துக்கொள்ளாது. உள்ளே போனதும் முதலில் ஸ்மார்ட்கன்ட்ரோல் கட்டளையால் டிஸ்க்கின் உடல்நிலைப் பட்டியலை எடுங்கள். அதில் 5, 197, 198, 199 என்ற நான்கு வரிகளின் கடைசி எண் மட்டும் எனக்குப் போதும்.

அப்புறம் நகல். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுவார்கள். என் 24 ஜிபி ஃபோல்டரை மட்டும் இழுத்துப் போட்டுக்கொள்கிறேனே என்று தோன்றும். அப்படி இழுத்தால் முதல் கெட்ட இடத்தில் கணினி நின்றுவிடும், திரும்பத் திரும்ப அதையே படிக்கச் சொல்லி டிஸ்க்கை வதைக்கும். பலவீனமான ஹெட்டுக்கு அந்த வதைதான் எமன். டிடிரெஸ்க்யூ என்ற கருவி வேறு மாதிரி நடந்துகொள்ளும். டிஸ்க் முழுவதையும் ஃபோல்டர், கோப்பு என்று பார்க்காமல் முதல் செக்டாரிலிருந்து நேராகப் படித்துப் போகும். தடுக்கினால் அங்கே மல்லுக்கு நிற்காமல் தாண்டிப் போய், சுலபமாகக் கிடைப்பதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். எதை எடுத்தது, எதை விட்டது என்று மேப் கோப்பு ஒன்றில் குறித்துக்கொண்டே வரும். மின்சாரம் போனாலும், நீங்களே நிறுத்தினாலும், மறுபடி அதே மேப் கோப்பைக் காட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

நகலெடுத்து ஒட்டுகிற மாதிரி கட்டளையை வேண்டுமென்றே தரவில்லை. என் கணினியில் டிஸ்க்குக்கு ஒரு எழுத்து இருக்கும், உங்களுடையதில் வேறு இருக்கும். வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மூலம், சேரிடம், மேப். முதலில் பழைய டிஸ்க், அடுத்து புதிய டிஸ்க்கில் ஒரு இமேஜ் கோப்பு (பழைய டிஸ்க்கின் முழு நகலும் ஒரே கோப்பாக), கடைசியில் மேப் கோப்பு. மூலமும் சேரிடமும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எந்த டிஸ்க் எது என்று அளவை வைத்து அடையாளம் காணுங்கள். உங்களுக்கு அதிர்ஷ்டம், ஒன்று 1, இன்னொன்று 2 டெராபைட். முதல் சுற்றில் கெட்ட இடங்களைச் செக்டார் செக்டாராகச் சுரண்டும் வேலை வேண்டாம் என்று சொல்கிற ‘என்’ என்ற தெரிவைச் சேருங்கள். மேப் கோப்பும் புதிய டிஸ்க்கிலேயே இருக்க வேண்டும், பூட் செய்த பென் டிரைவின் தற்காலிக நினைவில் இருந்தால் அணைத்ததும் போய்விடும்.

புதிய டிஸ்க் எந்த ஃபார்மட்டில் வந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பாக வைக்காது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட் என்றால் சரி.

நொடிக்கு 100 எம்பி வேகம் கிடைத்தால் 1 டெராபைட்டுக்கு மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. உங்களுக்கு அந்த வேகம் கிடைக்காது. சார்ஜரைச் செருகி, அடியில் காற்றுப் போகிற மாதிரி தூக்கி வைத்து, அசைக்காமல் விடுங்கள்.

குளிர்காலம் | புதன், காலை 9.05

டிஸ்க்கைக் கழற்றி பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வைத்தால் கொஞ்ச நேரம் வேலை செய்யும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசி வழியாக யோசிக்கலாம். அப்புறம், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் போட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் முழு நகல் எடுத்தாலும் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கலாம், தங்கையின் கணினியிலிருந்தே நுழைந்து பார்க்கலாம்.

திருப்புளி | புதன், காலை 9.30

பிட்லாக்கரை நான் கேட்க மறந்தேன், நல்ல ஞாபகம்.

ஃப்ரீஸர் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் வியர்க்கும். அந்த ஈரம் சர்க்யூட் போர்டில் மட்டும் நிற்காது, டிஸ்க்குக்குக் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. ஈரத் தட்டின் மேல் ஹெட் பறக்காது, உழும்.

ஒலிவாசகி | புதன், இரவு 9.10

பிட்லாக்கர் இல்லை அண்ணா. பென் டிரைவிலிருந்து பூட் ஆனது. கறுப்புத் திரையில் எழுத்துகளைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தேன், ஆனால் கிராஃபிக் திரையும் வரவழைக்க முடிந்தது.

எண்கள்: 5-இல் 24. 197-இல் 296. 198-இல் 296. 199-இல் 0.

பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கினேன். எண்டர் அழுத்துமுன் வரிசையை வாய்விட்டு மூன்று முறை வாசித்தேன். மூலம், சேரிடம், மேப். பின்னணியில் தங்கை சிரித்தாள்.

முதல் ஒன்றரை மணி நேரம் நொடிக்கு 85 எம்பி வரை ஓடியது. பிறகு விழுந்து 2 எம்பி, 300 கேபி, இப்போது பூஜ்ஜியம் என்று காட்டுகிறது. 22 நிமிடமாகப் பூஜ்ஜியம். டிக், டிக். மொத்தம் 48 சதவீதத்தில் நிற்கிறது. நிறுத்தட்டுமா? சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை, பக்கத்து அறைக்கு வந்து எழுதுகிறேன்.

திருப்புளி | புதன், இரவு 9.25

எண்கள் நான் பயந்த அளவு மோசம் இல்லை. 197 என்பது படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 5 என்பது ஏற்கெனவே மாற்று இடம் கொடுக்கப்பட்டவை. 199 பூஜ்ஜியம் என்பதால் கேபிள், இணைப்பு மேல் சந்தேகம் இல்லை. கோளாறு தட்டிலோ ஹெட்டிலோதான்.

கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்துங்கள். மேப் இருக்கிறது, ஒன்றும் போகாது. முழுதாக அணைத்து அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு அதே கட்டளை, அதே மேப், கூடவே பெரிய எழுத்து ‘ஆர்’ தெரிவைச் சேருங்கள். அது பின்னாலிருந்து முன்னால் படிக்கும். நடுவில் ஒரு கெட்ட மேடு இருந்தால் இந்தப் பக்கத்திலிருந்து முட்டுவதை விட்டுவிட்டு அந்தப் பக்கமாகச் சுற்றி வருகிற வழி அது. பெரும்பாலும் மீதி எல்லாம் மளமளவென்று வந்துவிடும்.

பக்கத்து அறையிலேயே இருங்கள். பார்த்துக்கொண்டிருந்தால் வேகம் கூடாது.

ஒலிவாசகி | வியாழன், காலை 5.40

வந்தது! ராத்திரி 10.15-க்குப் பின்பக்கமாகத் தொடங்கினேன், ஒரு மணிக்கு எழுந்து பார்த்தால் 99 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இப்போது முதல் சுற்று முடிந்து, எடுக்காமல் விட்டது 412 எம்பி என்கிறது. அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நான் வாசித்து நிறுத்திய பக்கமும் 412.

திருப்புளி | வியாழன், காலை 6.30

412 எம்பியும் கெட்டதில்லை. பெரும்பகுதி, தாண்டிக் குதித்தபோது கூடவே விட்டுப்போன நல்ல இடம். இப்போது ‘என்’ தெரிவை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். இந்த முறை ஓட்டைகளுக்கு உள்ளே செக்டார் செக்டாராகச் சுரண்டும். மெதுவாக இருக்கும். முடிந்ததும் கெட்டுப்போன மொத்த அளவைச் சொல்லுங்கள்.

சுரண்டல்தான் டிஸ்க்குக்குக் கடினமான பகுதி, அதனால்தான் கடைசிக்கு வைத்தோம். அது நடுவில் செத்தாலும் பரவாயில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டோம்.

ஒலிவாசகி | வியாழன், இரவு 8.00

1,282,048 பைட். 1.2 எம்பி! மூன்று முறை மறுமுயற்சியும் கொடுத்துப் பார்த்தேன், அதற்குக் கீழே இறங்கவில்லை.

கால்குலேட்டரில் போட்டால் 512-ஆல் மீதி இல்லாமல் வகுபடுகிறது, 4096-ஆலும் வகுபடுகிறது. சரியாக 313. இது தற்செயலா?

திருப்புளி | வியாழன், இரவு 8.40

தற்செயல் இல்லை. இந்தக் காலத்து டிஸ்க்குகள் பெரும்பாலும் வெளியே 512 பைட் செக்டார் என்று காட்டினாலும் உள்ளே 4096 பைட்டாகத்தான் எழுதுகின்றன. ஆகவே ஓட்டை விழுந்தால் எட்டு எட்டாக விழும். உங்களிடம் 313 ஓட்டைகள். இதை நீங்களே வகுத்துப் பார்த்தது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பழைய டிஸ்க்கின் வேலை முடிந்தது, இனி அதைத் தொட வேண்டாம். தங்கையின் லேப்டாப்பில் அதே பென் டிரைவைப் போட்டு, எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் உள்ள இமேஜைப் படிக்க மட்டும் என்ற முறையில் மவுண்ட் செய்து, உங்கள் ஃபோல்டரை வேறிடத்துக்கு எடுங்கள். மவுண்ட் ஆக மறுத்தால் டெஸ்ட்டிஸ்க்கிடம் இமேஜைக் கொடுங்கள், அது ஃபோல்டர்களைப் பட்டியலிட்டுக் காட்டும், அங்கிருந்தே பிரதி எடுக்கலாம். ஃபோட்டோரெக் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். அது கோப்புகளை உருவத்தை வைத்துப் பொறுக்கும், பெயரும் ஃபோல்டரும் போய்விடும். 38 மணி நேரப் பதிவைப் பெயர் இல்லாமல் வரிசைப்படுத்துவது தனித் தண்டனை.

313 ஓட்டையும் எந்தெந்தக் கோப்பில் விழுந்தன என்று கண்டுபிடிக்க ஒரு தந்திரம் இருக்கிறது. டிடிரெஸ்க்யூவுக்கு நிரப்பும் முறை என்று ஒன்று உண்டு. மேப்பில் கெட்டது என்று குறித்த இடங்களில் மட்டும், இமேஜுக்குள், நீங்கள் கொடுக்கிற சொல்லை எழுதும். வேறெங்கும் தற்செயலாக வராத ஒரு சொல்லை எழுதவிட்டு, பிறகு எல்லாக் கோப்புகளிலும் அந்தச் சொல்லைத் தேடுங்கள். அகப்படுகிற கோப்புகள்தான் அடிபட்டவை. மற்றவை முழுசு. பட்டியல் கிடைத்ததும் அதே வழியில் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிட்டு, அடிபட்ட கோப்புகளை மறுபடி பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சொல் உங்கள் பதிவில் கரகரவென்று கேட்கும்.

நீலத்திரை | வியாழன், இரவு 10.05

நான் சொன்ன செக்டிஸ்க்கை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது புரிகிறது. எனக்கு இரண்டு முறை வேலை செய்ததற்குக் காரணம் இரண்டு முறையும் டிஸ்க் நன்றாக இருந்ததுதான் போலிருக்கிறது. ஒரு சந்தேகம் அண்ணா, எஸ்எஸ்டி என்றாலும் இதே வழிதானா?

திருப்புளி | வியாழன், இரவு 10.20

கணினிக்குத் தெரிகிற வரைக்கும் இதே வழிதான். ஆனால் எஸ்எஸ்டி ‘டிக்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகாது, பல நேரம் ஒரே நாளில் மொத்தமாகக் காணாமல் போகும். தவறி அழித்த கோப்பும், அழித்த இடத்தைக் காலி செய்யும் டிரிம் ஓடிவிட்டால், அநேகமாகத் திரும்பாது. மற்றதைத் தனித் திரியில் கேளுங்கள்.

ஒலிவாசகி | சனி, பிற்பகல் 3.30

முடிவைச் சொல்ல வந்தேன்.

இமேஜ் மவுண்ட் ஆனது. ஃபோல்டர் அப்படியே இருந்தது, பெயர்கள் தமிழில் வைத்திருந்தேன், அவையும் பிசகவில்லை. அண்ணா சொன்ன தந்திரப்படி தேடினேன். ஓட்டைகளில் பெரும்பாலானவை விண்டோஸ் தற்காலிக நினைவாகப் பயன்படுத்தும் பேஜ்ஃபைலிலும் காலி இடத்திலும் போய் விழுந்திருந்தன, அதற்கு நான் அழப்போவதில்லை. என் பக்கம் அடிபட்டவை மூன்று கோப்புகள்.

ஒன்று, ஒலி வெட்டும் மென்பொருளான ஆடாசிட்டியில் பாதி வெட்டி வைத்திருந்த திட்டக் கோப்பு. அது உள்ளே ஒரு தரவுத்தளமாம், எசகுபிசகான இடத்தில் ஓட்டை விழுந்ததால் திறக்கவே இல்லை. அசல் வேவ் கோப்புகள் இருப்பதால் வெட்டும் வேலையை மட்டும் மறுபடி செய்ய வேண்டும். ஒரு வாரம் போகும், போகட்டும்.

மற்ற இரண்டும் வேவ். இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒன்று. வேவ் கோப்பில் ஓட்டை விழுந்தால் கோப்பு கெடவில்லை, அந்த இடத்தில் ஒலி மட்டும் இல்லாமல் போகிறது. நான் 44,100 மாதிரி, 16 பிட், ஸ்டீரியோவில் பதிவு செய்கிறவள் (ஒரே குரலுக்கு மோனோ போதும் என்று பிறகுதான் தெரிந்தது, பழக்கம் மாறவில்லை). நொடிக்கு 176,400 பைட். ஆக, 4096 பைட் என்றால் 23 மில்லிவிநாடி. முதல் கோப்பில் ஒரே ஒரு ஓட்டை, அதுவும் இரண்டு பத்திகளுக்கு இடையே நான் மூச்சு வாங்கிய இடத்தில். திரையில் பெரிதாக்கிப் பார்த்ததால் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கோப்பில் ஏழு ஓட்டைகள் தொடர்ச்சியாக. 0.16 விநாடி. ஓர் அசை போகிற நேரம். ‘எதிர்பாராத’ என்ற சொல்லில் ‘பா’ இல்லை. ‘எதிர்’ என்று சொல்லி, ஒரு விக்கல் மாதிரி நின்று, ‘ராத’ என்று முடிக்கிறேன். எல்லாச் சொற்களையும் விட்டுவிட்டு இந்தச் சொல்லா என்று தங்கை கேட்டாள்.

இன்னொன்றும் கேட்டேன். மார்ச் மாதத்துப் பதிவுகளை ஹெட்ஃபோனில் போட்டு, நான் பேசாத இடங்களை மட்டும் சத்தத்தைக் கூட்டிக் கேட்டேன். 287-ஆம் பக்கம் வாசித்த நாளில் முதல் டிக் இருக்கிறது. முன்னால் அந்த அரை விநாடி ‘கிர்’ கூட. இரண்டு வாரம் என்று நினைத்திருந்தேன், ஏழு வாரமாக அது பதிவாகிக்கொண்டிருக்கிறது. மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவே ஒன்றரை அடிதான்.

இமேஜை அழிக்கவில்லை, நாவல் முடியும்வரை இருக்கட்டும். வேவ் ஃபோல்டர் இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது, ஒன்று தங்கையின் வீட்டில்.

அந்த வாக்கியத்தை மட்டும் நேற்று மறுபடி வாசித்துச் சேர்த்தேன். மூலப் பதிவு செய்த அன்றைக்கு எனக்குத் தொண்டை கொஞ்சம் கட்டியிருந்தது, இப்போது இல்லை. கூர்ந்து கேட்டால் ஒரு வாக்கியத்துக்கு மட்டும் வேறு யாரோ வந்து வாசித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். நான்கு முறை முயன்றும் அந்தக் கரகரப்பு வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.